பழைய வி8 இன்ஜினுக்கு எவ்வளவு பெரிய கார்புரேட்டர்?

பழைய செவர்லே 350 (கன அங்குல) இன்ஜினைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "750 சிஎஃப்எம் கார்புரேட்டர் போடலாமா?" என்றுதான். கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்; அது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை விடும் என்பதுதான் சிஎஃப்எம். ரோட்டில் சாதாரணமாக ஓட்டும் காருக்கு 750 வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் கொள்ளளவை (கன அங்குலத்தில், சிசி தெரிந்தால் 16.4-ஆல் வகுக்கவும்) அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி, 3456-ஆல் வகுக்க வேண்டும். 350 × 5500 ÷ 3456 = 557. கம்பெனி நிலையில் இருக்கும் இன்ஜின் சிலிண்டரை முழுசாக நிரப்பாது. 85 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 473 கன அடி காற்றுதான். 600 சிஎஃப்எம் தாராளம். ஆர்பிஎம்மை மட்டும் ஆசைக்கு 7000 என்று எழுதிவிடாதீர்கள், கணக்கே கெட்டுவிடும்.

பெரியதைப் போட்டால் என்ன? வென்சுரியில் (கார்புரேட்டருக்குள் குறுகும் காற்றுப் பாதையில்) காற்றின் வேகம் குறையும், பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் போதாது. சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திக்கி, அப்புறம்தான் கிளம்பும்.

ஆட்டோமேட்டிக் கியர், கனமான வண்டி என்றால் வேக்கம் செகண்டரி (காற்றோட்டம் கூடும்போது உறிஞ்சலால் தானாகத் திறக்கும் பின் துளைகள்) உள்ளதே நல்லது. வாங்கும் முன் மேனிஃபோல்டையும் (கார்புரேட்டர் உட்காரும், சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் பாகம்) பாருங்கள். குவாட்ராஜெட் கார்புரேட்டர் இருந்த மேனிஃபோல்டில் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் பெரியவை. நான்கு துளையும் ஒரே அளவுள்ள ஹோலி கார்புரேட்டர் அதில் அப்படியே உட்காராது. இரண்டுக்கும் இடையில் வைக்கும் அடாப்டர் பிளேட் தேவைப்படும்.