வாத்துக் குஞ்சுக்கு மூச்சிரைத்தபோது

ஆறு நாள் குஞ்சு. வாயைப் பிளந்தபடி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. சளி என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், அலகின் மேலிருக்கும் இரண்டு மூக்குத் துளையிலும் தீவனத் தூள் களிபோல் காய்ந்து அடைத்திருந்தது.

தப்பு என்னுடையது. முங்கிவிடுமோ என்று பயந்து பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்திருந்தேன். வாத்துக்கு மூக்குவரை முக்கிக் கழுவ ஆழம் வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு, மெல்லத் துடைத்தேன். சொட்டுகூட உள்ளே விடவில்லை, நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு 2 அங்குலத் தண்ணீர், பிசைந்த தீவனம். பூசண வாடை அடித்த வைக்கோலையும் வாரிக் கொட்டினேன். அந்தப் பூசணம் நெஞ்சுக்குள் இறங்கினால் மருந்துக்கு லேசில் அடங்காது என்றார் கால்நடை மருத்துவர்.

மறுநாள் காலை அலகு மூடியிருந்தது. கிண்ணத்துத் தண்ணீர்தான் சேறாகிக் கிடந்தது.