ஆசனவாய்ச் சீழ்க்கட்டி: மாத்திரையில் கரையாது

உட்கார முடியாத வலி வந்தால் மதுரைப் பக்கம் முதலில் சொல்வது ‘மூலச்சூடு’ என்றுதான். மோர், இளநீர், ஜிகர்தண்டா என்று நாலு நாள் ஓடிவிடும். சீழ்க்கட்டிக்கும் உடல் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. உள்ளே சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் கிருமி பெருகிச் சீழ் பிடிக்கும். அது தசையைச் சுற்றியோ துளைத்தோ தோல் பக்கம் இறங்கும்.

மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் சொட்டும். வெடிப்பு என்றால் மலம் போகும்போது பிளேடால் கீறியது போல எரியும். சீழ்க்கட்டியோ ராத்திரி பகல் பார்க்காமல் விண்விண் என்று தெறிக்கும். நாளுக்கு நாள் கூடும், இருமினால்கூட வலிக்கும். தொட்டால் சூடான, சிவந்த வீக்கம் தெரியும். ஆழத்தில் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. காய்ச்சல், உள்வலி, சிலருக்குச் சிறுநீர் இறங்காமை, அவ்வளவுதான் அடையாளம்.

சீழ் கோத்துவிட்டால் கீறி வெளியேற்றுவதே வைத்தியம். ஆன்டிபயாட்டிக் மட்டும் பலிக்காது. சீழ்ப்பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து உள்ளே போய்ச் சேராது. சர்க்கரை நோய், தோல் முழுக்கப் பரவிய சிவப்பு, எதிர்ப்புச் சக்திக் குறைவு இருந்தால் அறுவையோடு சேர்த்துத் தருவார்கள். மஞ்சள் பத்து, சுண்ணாம்பு, ஊசியால் குத்திப் பிதுக்குவது எல்லாம் வேண்டாம். பிதுக்கினால் சீழ் ஆழத்துக்கும் போகும்.

வீக்கத்தைச் சுற்றித் தோல் கறுத்தாலோ, கொப்புளித்தாலோ, நாற்றமெடுத்து விரைப்பை வரை பரவினாலோ ஒவ்வொரு மணி நேரமும் உயிர் விஷயம். சர்க்கரைக்காரர்களுக்குத்தான் இது அதிகம். உசிலம்பட்டியோ மேலூரோ, 108-ஐ அழைத்து உடனே கிளம்புங்கள். பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில், அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியில், இதற்குக் கட்டணம் கிடையாது.

கிளம்பும்போது இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மயக்க மருந்துக்குப் பொதுவாக 6 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுவதும் ஆபத்து, மருத்துவமனையில் கேட்டே போடுங்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அந்த மாத்திரையை அட்டையோடு காட்ட வேண்டும்.

கீறிய புண்ணைத் தைக்க மாட்டார்கள். வாய் திறந்திருந்து அடியிலிருந்து ஆற வேண்டும். மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் மறுபடி சீழ் கட்டும். ஆற 3 முதல் 8 வாரம் ஆகலாம். அகன்ற பிளாஸ்டிக் டப்பில் 3, 4 அங்குலம் வெதுவெதுப்பான நீர் எடுத்து, முழங்கையால் சூடு பார்த்து, 10-15 நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்த பிறகு கட்டாயம். மொத்தம் ஒரு நாளைக்கு 3, 4 முறை. டெட்டால் ஊற்றினால் புண் வெந்துபோகும், வெறும் தண்ணீர் போதும். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்துவிட்டு, துணியில் கறை படாமல் இருக்க நாப்கின் வைத்துக்கொள்ளலாம்.

மலம் இறுகக் கூடாது. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் 1, 2 ஸ்பூன் இசப்கோல், கலக்கியதும் குடித்துவிடுங்கள், வைத்தால் கெட்டியாகும். கீரை, வாழைத்தண்டு, பாசிப்பயறு நல்லது. பரோட்டா சால்னாவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

சரியாகக் கீறினாலும் மூவரில் ஒருவருக்காவது பின்னால் பவுத்திரம், அதாவது ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோல் வரை ஆறாத சீழ்ப்பாதை, வரலாம்; அது மருத்துவர் செய்த பிழை அல்ல. 2, 3 மாதம் கழித்தும் சின்னத் துளையில் நீர் கசிந்தால், அல்லது அதே இடத்தில் கட்டி திரும்பினால் குடல் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்துப் பாதை எந்தத் தசையைக் கடக்கிறது என்று பார்ப்பார்கள். மலத்தை அடக்கும் தசையை அதிகம் வெட்டிவிட்டால் கட்டுப்பாடே போய்விடும். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசி’ என்று ஒட்டியிருக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். மருந்து ஏற்றிய நூலை அந்தப் பாதைக்குள் கட்டும் கார நூல் சிகிச்சைக்குப் போவதானால் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் மட்டும். திரும்பத் திரும்ப வந்தால், எடுத்த சதையைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.