மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு நினைச்சு வேற செடிய வளர்க்காதீங்க

வாய்க்கால் ஓரம், வயல் வரப்புன்னு ஈரம் நிக்கிற இடத்துல தரையோட படர்ந்து மஞ்சப் பூ பூக்குற நம்ம நாட்டுச் செடிதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி, பொற்றலைக் கையாந்தகரைன்னும் சொல்லுவாங்க. இந்தப் பேர்ல நெட்டுல சுத்துற போட்டோ நிறைய இந்தச் செடியே கிடையாது, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கு.

பெரிய தவறு, அழகுக்கு வளர்க்குற வெடேலியாவ இதுன்னு நம்புறது. அது அமெரிக்க வெப்பமண்டலத்துல இருந்து வந்த செடி, உலகத்துலயே மோசமான 100 ஊடுருவி இனங்கள் (வெளியூர்ல இருந்து வந்து உள்ளூர் இனங்கள அமுக்கிப் பரவுறது) பட்டியல்ல இருக்கு. ரெண்டும் ஒரே பேரினம்தான் (நெருங்கிய சொந்தமான செடிகளோட கூட்டம்), ரெண்டும் படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், பூவும் கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும், அதனால பூவ மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, இலைய பாருங்க. நம்ம செடிக்கு இலை ஒடுக்கமா நீளமா இருக்கும், மடல் மடலா பிளவுபட்டுப் பிரியாது. வெடேலியாவுக்கு இலை தடிப்பா பளபளன்னு, பெரும்பாலும் மூணு மடலா இருக்கும். ஆனா அதுலயும் சில இலையில மடல் சரியா தெரியாது, அதான் ஒரு இலைய கிள்ளிப் பார்த்துட்டு போயிடாம கொடி முழுக்க பாக்கணும்.

அடுத்தது, வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் இதுவும் ஒரே செடி, பூ கலர்தான் வேறன்னு நினைக்கிறது. இல்லங்க, ரெண்டும் வேற வேற பேரினம். இன்னொண்ணு, காஞ்ச தரையில நீளமான காம்புல ஒத்தப் பூவா நிக்கிற வெட்டுக்காயப் பூண்டையும் சிலர் கரிசலாங்கண்ணின்னு பறிக்கிறாங்க, அது சுத்தமா வேற.

நாற்று வாங்கும்போது தமிழ்ப் பேர மட்டும் சொல்லாம தாவரவியல் பேரான ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியான்னும் சேர்த்துக் கேளுங்க, கடைசி சொல் ட்ரைலோபேட்டான்னு இருந்தா அது வெடேலியா. காட்டுல பார்த்தா வேரோட பிடுங்க வேண்டாம், கணுவோட ஒரு துண்டு போதும், ஈரமண்ணுல வச்சா பிடிச்சுக்கும். சாக்கடை ஓரத்துல இருக்குறத மருந்துக்குப் பறிக்கவே கூடாது.

ஏற்கனவே வெடேலியா வச்சிருந்தா, வெட்டுன துண்ட வாய்க்கால்லயோ குளத்துலயோ போட்டுடாதீங்க, ஒரு கணு போதும் அங்க வேர் விட்டு நம்ம செடி இருக்குற இடத்தயே மூடிடும், வெயில்ல நல்லா காய வச்சு அப்புறமா அப்புறப்படுத்துங்க.