ஒரு அடி உயரத்துல கட்டில் போடுறதெண்டா

எங்கட மட்டக்களப்புப் பக்கம் வைகாசி ஆனியில கச்சான் காத்து தொடங்கினா தகரமோ சீட்டோ போட்ட வீட்டுல உசந்த கட்டில்ல படுக்க ஒண்ணா, சூடெல்லாம் மேலதான் நிக்கும், நிலத்துக்கு கிட்ட கிடந்தாத்தான் உடம்புக்கு சுகம். அதாலதான் நானும் பழைய கட்டில தம்பிட அறைக்கு தள்ளிட்டு பதிவா ஒண்டு செஞ்சன். முதல்ல செஞ்சது பிழைச்சுப் போச்சு, அதையும் சேத்தே சொல்றன்.

பிழை என்னெண்டா, கட்டிலே வேணாம் எண்டு ஃபோம் மெத்தைய அப்பிடியே சீமெந்து நிலத்துல போட்டதுதான். வெயில் காலம் முழுக்க ராசா மாதிரி படுத்தன். கார்த்திகை மழை தொடங்கி ரெண்டு கிழமையால தூக்கிப் பாத்தா அடியில கறுப்பு கறுப்பா பூஞ்சணம். நம்மட வேர்வையும் உடம்புச் சூடும் மெத்தைக்குள்ளால இறங்கி குளிர்ந்த நிலத்துல பட்டு தண்ணியாகி, போக வழி இல்லாம அங்கயே கிடக்கு. அம்மம்மா அப்பவே சொன்னவ, "மனே, பாய் எண்டா விடிய எழும்பி சுருட்டி வைப்பம், இத ஆரு சுருட்டுற?" எண்டு. மெய்தான், பன் பாயில காலம் காலமா நிலத்துல படுத்த ஆக்கள் அத ஒவ்வொரு நாளும் சுருட்டி நிமித்தி வெச்சாங்க, நாம மெத்தைய போட்டா போட்டதுதான்.

அதால முதல்ல நிலத்த பாருங்க. எழுவான்கரைப் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற வீடுகள்ல மாரிக்கு கிணத்துத் தண்ணியே கைக்கு எட்டுற அளவுக்கு வரும், அந்த ஈரம் நிலத்தாலயும் ஏறும். ஒண்டரை அடிச் சதுரத்துல ஒரு பொலித்தீன் துண்டு வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. மறுகா உரிச்சுப் பாக்கக்குள்ள பொலித்தீனுக்கு அடியில துளி துளியா நிண்டா ஈரம் நிலத்தால வருது, மேல்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது காத்துல இருக்கிற ஈரம். இத மாரியில செஞ்சு பாருங்க, ஆவணியில செஞ்சா எந்த வீடும் பாஸ்தான்.

உயரம்தான் முக்கியமான கதை. நிறையப் பேர் ஒரு இஞ்சி ரெண்டு இஞ்சி இடைவெளி விட்டு போடுறாங்க, அதுதான் எல்லாத்திலயும் மோசம், தும்புத்தடி போகாது ஆனா மட்டத்தேளும் எலியும் பாம்பும் போகும். இடைவெளி விட்டா கூட்டுமாப்போல விடுங்க, நான் 4 இஞ்சி விட்டன்.

என்ட மெத்தை 6 அடிக்கு 5 அடி, 4 இஞ்சி தடிப்பு. அதுக்கு 3 இஞ்சி அகலம் 2 இஞ்சி தடிப்புல 6 அடி நீளமா மூணு மரம், ரெண்டு ஓரத்துக்கும் நடுவுக்கும், 3 இஞ்சிப் பக்கம் உசந்து நிக்கிற மாதிரி வைக்கணும், படுக்கப் போட்டா வளையும். ஒவ்வொண்டுக்கும் 4 இஞ்சிக் கால் மூணு, மொத்தம் ஒம்பது. மேலால குறுக்க 5 அடிப் பலகை, 3 இஞ்சி அகலம் 1 இஞ்சி தடிப்பு, 15 துண்டு, நடுவுல ரெண்டு இஞ்சிக்கு ஒரு துளி குறைய இடைவெளி விட்டா 6 அடிக்கு சரியா வரும். கூட்டிப் பாத்தா மெத்தையோட ஒரு அடி. பிளைவூட் முழுசா அடிக்காதீங்க, பிறகு சீமெந்து நிலத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. ஆணி வேணாம், ஸ்குரு போடுங்க, ஏனெண்டு கடைசியில சொல்றன். காலுக்கு அடியில ரப்பர் துண்டு ஒட்டினா ஈரம் ஏறாது, ஆனா கறையான் ரப்பரையும் தாண்டி மண்ணால வழி கட்டிக்கொண்டு ஏறும், அதுக்கு மாசம் ஒருக்கா டோர்ச் அடிச்சு பாக்கிறத விட வேற வழி இல்ல. கழிவு ஒயில் பூசச் சொல்லுவாங்க, படுக்கிற அறைக்கு அது சரிவராது, மணத்துல நித்திரை போயிரும்.

இப்ப பாம்புக் கதை. களப்புக்கு மேற்கால படுவான்கரை, அம்பாறை வயல் பக்கம் இருக்கிற ஆக்கள் இத விளையாட்டா எடுக்காதீங்க. கட்டுவிரியன் ராவுலதான் திரியும், நிலத்துல படுக்கிற ஆக்கள நித்திரையில கடிக்கிறதுதான் அதுட வழக்கம், கடிச்ச இடம் பெருசா நோகாது, வீங்காது, அதால கனக்கப் பேருக்கு கடிச்சதே தெரியாது. விடியக்காலம் வயித்துவலியோட எழும்பி, கண் இமை தானா விழுந்தா கசாயம் வெச்சுக் கொண்டிருக்காம உடனே ஆஸ்பத்திரி, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும். ஒரு அடி உயரம் பாம்ப மறிக்காது. மறிக்கிறது நுளம்பு வலைதான், அதுவும் சுத்திவர மெத்தைக்கு அடியில செருகினாத்தான். கட்டில் பதிஞ்சா பழைய கொளுவியில வலை எட்டாம அந்தரத்துல தொங்கும், கயித்த நீட்டிக் கட்டுங்க. செருகக் கை போகணும், அதால சுவரோட ஒட்டாம ஒரு அடி விட்டு போடுங்க, சின்னப் புள்ளை இருந்தாலும் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல இறுகாது. அந்த அறையில நெல் மூட்டை அடுக்காதீங்க, நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால மத்தது வரும்.

போன் சார்ஜ் போடுற வயர நிலத்துல விடாதீங்க, சுவருல அடிச்சு எடுங்க. முழங்கால் வருத்தம் உள்ள ஆக்களுக்கு இந்தக் கட்டில் சரிவராது, எங்கட அம்மம்மா ஒரு நாள் பகல்ல படுத்துட்டு எழும்ப ரெண்டு பேர் பிடிக்க வேண்டியதாப் போச்சு, அவக்கு உசந்த கட்டில்தான்.

ஸ்குரு ஏனெண்டா, வெள்ளம். 2011 தை மாசம் மாதிரி ஒண்டு வந்தா முதல்ல நனையுறது இந்தக் கட்டில்தான். ஸ்குரு எண்டா ஒரு ஆள் கழட்டி பலகையக் கட்டி மேசைக்கு மேல ஏத்தலாம், நான் ஸ்குருடிரைவர அதுக்கெண்டே வலைக் கயித்துல கட்டி வெச்சிருக்கன்.