பல்கலைக்கழகப் பணியாளர் பிரதிநிதி தம்மிடம் வரும் முதல் குறையை எடுத்து நடத்துவது எப்படி?

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சக பணியாளர்களின் வாக்குகளைப் பெற்று நீங்கள் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்றால், சில நாட்களுக்குள் யாரேனும் ஒருவர் உங்கள் இருக்கையருகே வந்து, "கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று தயங்கி நிற்பார். அந்த நிமிடத்திலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தொழிலாளர் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், ஒரு குறையை எழுத்தில் கொண்டுவந்து இறுதிவரை நடத்தும் முறை எங்கும் பெரிதாக மாறுவதில்லை.

படி 1: விதிகளைத் திரட்டுங்கள்

யாரும் குறை சொல்லி வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டம், அதன் கீழ் இயற்றப்பட்ட பணி விதிகள், ஆட்சிக்குழுவின் தீர்மானங்கள், நிர்வாகமும் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், குறைதீர்ப்பு நடைமுறை ஆகியவற்றின் நடப்புப் பிரதிகள் உங்களிடம் இருக்க வேண்டும். திருத்தங்கள் சேர்க்கப்படாத பழைய பிரதியை வைத்து வாதாடினால், முதல் கூட்டத்திலேயே உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

இவற்றுக்கு மேலே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 87ஆம் உடன்படிக்கை சங்கம் அமைக்கும் உரிமையையும், 1949ஆம் ஆண்டின் 98ஆம் உடன்படிக்கை கூட்டாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையையும், 1978ஆம் ஆண்டின் 151ஆம் உடன்படிக்கை பொதுத்துறைப் பணியாளர்களின் அமைப்புரிமையையும் பேசுகின்றன. உங்கள் நாடு ஏற்புறுதி அளித்த உடன்படிக்கைகளே உங்கள் அரசைக் கட்டுப்படுத்தும் என்பதால், எதை ஏற்றிருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் வெளியிட்ட பரிந்துரை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும், பல்கலைக்கழகத்தின் கல்விசார் அவைகளில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று அது கூறுவதால், பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துக்காட்டத் தக்கது.

படி 2: கேளுங்கள், தேதியோடு எழுதுங்கள்

வந்தவரை முழுமையாகப் பேசவிடுங்கள். அவர் பேசி முடித்த பிறகு, எந்தத் தேதியில் என்ன நடந்தது, யார் உடனிருந்தார், எந்தக் காகிதம் சாட்சியாக இருக்கிறது என்ற மூன்றை மட்டும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய அனுமதி இல்லாமல் அவர் பெயரை எவரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்பதை அப்போதே தெளிவுபடுத்துங்கள்.

நான் பிரதிநிதியாக இருந்தபோது ஆய்வக உதவியாளர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய நியமன ஆணைகளைக் கொண்டுவந்தார். அவருக்கு என்ன குறை என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. "வேலை இருக்கிறது, ஆனால் இல்லை" என்று மட்டும் சொன்னார். ஆணைகளைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினோம். ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு உரியது. ஓர் ஆணை முடியும் நாளுக்கும் அடுத்தது தொடங்கும் நாளுக்கும் இடையே சரியாக ஒரு நாள் இடைவெளி. பதினோர் ஆணைகளிலும் அதே ஒரு நாள். அந்த நாட்களிலும் அவர் ஆய்வகத்துக்கு வந்து கருவிகளைத் துடைத்து வைத்திருந்தார் என்பதற்கு வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாகச் சாவிப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து இருந்தது. தொடர் பணிக்காலம் என்ற உரிமையைத் துண்டிப்பதற்காகவே அந்த இடைவெளி வைக்கப்பட்டிருந்தது. பணிப் பாதுகாப்பைத் தவிர்ப்பதற்காகக் குறித்த கால ஒப்பந்தங்களைப் பயன்படுத்துவதற்கு எதிராகப் போதிய காப்பு வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் 158ஆம் உடன்படிக்கை கூறுவது இத்தகைய ஏற்பாட்டைத்தான்.

ஒப்பந்தப் பணியாளர்களின் குறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். நிரந்தரப் பணியாளர்கள் மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதியாக நீங்கள் இருந்தாலும், அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரே கட்டடத்தில், ஒரே வேலையைச் செய்பவர்களில் பாதிப் பேருக்குக் குரல் இல்லாத பிரதிநிதித்துவத்தை நான் பிரதிநிதித்துவமாகவே கருதுவதில்லை.

படி 3: ஒப்பிடத் தக்கவரைக் கண்டறியுங்கள்

ஊதியம், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவை பற்றிய குறை என்றால், அதே பணியைச் செய்து கூடுதல் பலன் பெறும் ஒருவரை முன்வைக்காமல் பாகுபாட்டை நிறுவுவது கடினம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம மதிப்புள்ள பணிக்குச் சம ஊதியம் என்பது 1951ஆம் ஆண்டின் 100ஆம் உடன்படிக்கையின் கோட்பாடு. இங்கே 'சம மதிப்பு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்: பதவிப் பெயர் வேறாக இருந்தாலும், திறன், பொறுப்பு, உழைப்பு, பணிச்சூழல் ஆகியவற்றால் மதிப்பு ஒன்றாக இருந்தால் ஒப்பிடலாம்.

படி 4: மனுவை எழுதுங்கள்

மனு ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நடந்தது, மீறப்பட்ட விதி, வேண்டும் தீர்வு என்ற வரிசையில் எழுதுங்கள். "நிர்வாகம் தொடர்ந்து அநீதி இழைக்கிறது" என்ற வாக்கியத்துக்கு எந்த அலுவலரும் பதில் எழுத வேண்டியதில்லை. "ஆணையில் குறிப்பிட்ட காலம் முழுவதும் பணியாற்றியும் எனக்கு ஈட்டிய விடுப்பு கணக்கில் சேர்க்கப்படவில்லை, அதற்குரிய பணி விதியின்படி அதைச் சேர்த்து, எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்" என்று எழுதினால், கோப்பில் குறிப்பு எழுதி ஒரு முடிவுக்கு வர வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படும். மனுவில் பணியாளரே கையெழுத்திட வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகை நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். காலக்கெடு கடந்துவிட்டது என்று பின்னால் யாரேனும் சொன்னால் அந்த முத்திரைதான் உங்களுக்குத் துணை.

படி 5: விசாரணைக்கு உடன் செல்லுங்கள்

ஒழுங்கு நடவடிக்கை என்றால் வேகம் தேவை. குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் பெறவும், ஆவணங்களைப் பார்வையிடவும், பதிலளிக்கப் போதிய கால அவகாசம் கேட்கவும் பணியாளர் விண்ணப்பிக்க உதவுங்கள். நடத்தை அல்லது பணித்திறனைக் காரணம் காட்டி ஒருவரை நீக்குவதற்கு முன் தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று முன்பு சொன்ன 158ஆம் உடன்படிக்கையே கூறுகிறது. அறைக்குள் அவருக்குப் பதிலாக நீங்கள் பேசுவதைவிட, கேள்வி புரியாதபோது நிறுத்தி விளக்கம் கேட்பதும், சொன்னவற்றை அப்படியே குறித்துக்கொள்வதும் அதிகம் பயன்படும். அன்று மாலைக்குள் உங்கள் குறிப்பைத் தட்டச்சு செய்து, கூட்டத்தில் பேசப்பட்டவை இவை என்று விசாரணை அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 6: முடிவுக்குப் பின் கவனியுங்கள்

தீர்வு கிடைத்தால் அதே நிலையில் இருக்கும் மற்றவர்களின் பட்டியலைத் தயாரித்து, அடுத்த பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கப்பட்டால், மேல்முறையீட்டுக்கான கடைசி நாளை அன்றே குறித்துவையுங்கள். மனு கொடுத்தவருக்குத் திடீர் இடமாற்றமோ, ஒப்பந்தப் புதுப்பிப்பு மறுப்போ வந்தால், அதைத் தனி மனுவாக எழுதுங்கள். உங்களுக்கே அப்படி நேர்ந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும்: பிரதிநிதி என்ற காரணத்துக்காக எவரையும் நீக்கவோ பாதிக்கவோ கூடாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 135ஆம் உடன்படிக்கை.

கோப்பை மூடும்போது மனு, ஒப்புகை, கூட்டக் குறிப்பு, இறுதி ஆணை ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒரு நகலைப் பணியாளரிடமே கொடுத்துவிடுங்கள். அந்த ஆய்வக உதவியாளர் தம்முடைய பதினோர் ஆணைகளையும் புதிய உறை ஒன்றில், வரிசை மாறாமல், எடுத்துச் சென்றார்.