பீரோவில் தூங்கும் துணி, பாதியில் நிற்கும் தையல்: இரண்டையும் எழுப்பும் வழி

வேலூரில் தையல் தெரிந்தவர் வீட்டு பீரோவைத் திறந்தால் என்னென்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மேல் தட்டில் ஆடித் தள்ளுபடிக்கு லாங்கு பஜாரில் எடுத்த சுடிதார் துணி. அதன் கீழே கொலுவுக்கும் வரலட்சுமி நோன்புக்கும் தாம்பூலத்தோடு வந்த ஜாக்கெட் பிட்டுகள், சேலையிலிருந்து வெட்டித் தனியே மடித்து வைத்த பிளவுஸ் துணி, குடியாத்தம் லுங்கித் துண்டு, ஆரணிப் பட்டில் மிஞ்சிய ஒரு முழம். அடித்தட்டில் ஒரு கட்டைப்பை. அதற்குள் கை வைத்துத் தைக்காத ஜாக்கெட், ஹெம்மிங் முடியாத உள்பாவாடை, மகள் ஆறாவது படிக்கும்போது வெட்டிய பட்டுப்பாவாடை. மகள் இப்போது காலேஜ் போகிறாள்.

துணி சேர்வதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டாம். நல்ல துணியைப் பார்த்தால் வாங்கத் தோன்றுவது தையல் கையின் இயல்பு. ஆனால் அந்தக் கட்டைப்பையை ஒருமுறை கொட்டிப் பார்த்தால் ஒன்று புரியும்: பாதியில் நிற்கும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சின்ன விஷயத்துக்காகக் காத்திருக்கிறது. ஒன்றுக்கு லைனிங் இல்லை, ஒன்றுக்குப் பொருத்தமான நூல் இல்லை, ஒன்றுக்கு அளவு ஜாக்கெட் கிடைக்கவில்லை. ஆகவே துணியை நிறப்படியோ ரகப்படியோ அடுக்கிப் பயனில்லை. எது குறைகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்

பாயை விரித்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு, பீரோ, கட்டில் அடி, மெஷின் மேஜை இழுப்பறை மூன்றிலும் உள்ளதை ஒரே நாளில் கொட்டுங்கள். பாதிப் பாதியாகச் செய்தால் லைனிங் துணி ஒரு மூட்டையிலும் அதற்கான ஜாக்கெட் இன்னொரு மூட்டையிலும் மறுபடி பிரிந்தே கிடக்கும்.

வெட்டாத துணி ஒரு பக்கம், வெட்டியது ஒரு பக்கம். வெட்டாத ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்துங்கள். அதில் நீளம், அகலம், நனைத்ததா இல்லையா என்று எழுதினால் போதும். சாதாரண குண்டூசி துருப்பிடித்துக் கறை விடும். துருப்பிடிக்காத ஊக்கை ஓரக்கரையில் மட்டும் குத்துங்கள். அகலம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். ரூபியா, பாப்ளின் போன்றவை பெரும்பாலும் 36 இஞ்ச், சுடிதார் துணி 44 இஞ்ச், சில கலப்பு ரகங்கள் 58 இஞ்ச் வரை வரும். இரண்டு மீட்டர் என்று மட்டும் தெரிந்தால் அதில் என்ன தைக்கலாம் என்று சொல்ல முடியாது.

தாம்பூலத்தில் வந்த பிட்டுகளின் சீட்டில் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊதா நிறப் பிட்டு ஒன்று சத்துவாச்சாரியில் கிளம்பி, காட்பாடி போய், பாகாயம் சுற்றி, அடுத்த கொலுவுக்குள் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரும். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்காமல் இருக்க இந்தச் சீட்டு ஒன்றுதான் வழி. மறுபடி கொடுக்கப் போகும் பிட்டை விரித்துப் பாருங்கள்: 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, மடிப்பில் மஞ்சள் புள்ளி இருக்கக் கூடாது.

என்ன நூல் என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகிய நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி கெட்டி மணியாகச் சுருளும், சூடு ஆறும்வரை அதைத் தொடாதீர்கள். பாலியஸ்டர் என்று தெரிந்த பிட்டை நம்மூர் கத்திரி வெயிலில் போடும் ஜாக்கெட்டாகத் தைக்காதீர்கள். பைக்கும் மெத்தை உறைக்கும் அது போதும்.

நனைப்பது

தைத்த ஜாக்கெட் இரண்டு துவைப்புக்குப் பிறகு உள்ளே இழுத்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கிறதா? லைனிங்கை நனைக்காமல் தைத்திருப்பார்கள். மேல் துணி அவ்வளவாகச் சுருங்காது, பருத்தி லைனிங் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். 15 இஞ்ச் நீள ஜாக்கெட்டில் அது முக்கால் இஞ்ச் வரை போகும். சேலை ஃபால்ஸுக்கும் இதே கதை. நனைக்காத ஃபால்ஸைத் தைத்தால் முதல் துவைப்பிலேயே சேலையின் அடி அலை அலையாகச் சுருட்டிக்கொள்ளும்.

எனவே பருத்தித் துணி, லைனிங், ஃபால்ஸ், நாடா நான்கையும் வாங்கிய வாரமே நனையுங்கள். வாளித் தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். கஞ்சி வெளியேறித் தண்ணீர் கலங்கினால் மாற்றி ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக வரும் தெருக்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அடர் நிறத்தில் வெள்ளைப் பூத்துவிடும். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் தனித்தனியே போடுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் நெட்டாகத் தொங்கவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். மே மாத மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் மடித்தபடி கிடந்தால் மடிப்புக்கு வெளியே இருக்கும் பக்கம் வெளுத்துக் கோடு விழும். அந்தக் கோடு போகவே போகாது. பட்டையும் ஜரிகையையும் நனைக்க வேண்டாம்.

பாதியில் நின்றவை

இங்கேதான் பொறுமை வேண்டும். வெட்டிய துணி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, என்ன குறைகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஹூக் 6, பட்டி’, ‘பச்சை நூல்’, ‘கை ஏற்ற வேண்டும்’, ‘அளவு பார்க்க வேண்டும்’. எழுதிய பிறகு ஒரே மாதிரி குறையுள்ளவற்றைச் சேர்த்துக் கட்டுங்கள். பச்சை நூல் கேட்கிற மூன்றையும் ஒரே உட்காரலில் முடிக்கலாம், பாபின் (அடி நூல் சுற்றும் உருளை) மாற்றுகிற வேலை மிச்சம். ஹெம்மிங், ஹூக், காஜா எல்லாம் கைவேலை. அவற்றை ஒரு டப்பாவில் ஊசி, நூல், கத்தரியோடு போட்டு கூடத்தில் வைத்துவிட்டால் சாயங்காலப் பேச்சினூடே முடிந்துவிடும். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் முடியாது.

ஜாக்கெட் நிற்பது பெரும்பாலும் கையில்தான். கை ஏறவில்லை என்றால் முதலில் இஞ்ச் டேப்பை விளிம்பில் நிறுத்தி வைத்து, தையல் போகும் கோட்டிலேயே இரண்டையும் அளந்து பாருங்கள்: உடம்பின் கைக்குழிச் சுற்றளவும், கையின் மேல் வளைவும். கை வளைவு கைக்குழிக்குச் சமமாகவோ அரை இஞ்ச் கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஓர் இஞ்சுக்கு மேல் கூடினால் தோளில் சுருக்கம் விழும். அக்குள் பக்கத் தையலில் கையை இரு ஓரமும் சமமாகக் குறையுங்கள். கை சிறிதாக இருந்தால் இழுத்துத் தைக்காதீர்கள். இழுத்துத் தைத்த கை, கையைத் தூக்கும்போது மொத்த ஜாக்கெட்டையும் மேலே தூக்கும். மிச்சத் துணியில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டி அக்குளில் கொடுத்துவிடுங்கள், வெளியே தெரியாது.

இன்னொரு வம்பு, இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்டுப் போவது. கையின் முன் வளைவு பின் வளைவைவிட அரை இஞ்ச் உள்ளே குழியும். துணியை மடிக்காமல், ஒரே பக்கம் பார்த்து இரண்டு கையை வெட்டினால் இரண்டும் வலக்கை ஆகிவிடும். இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் ரூபியா என்றால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. பிரிண்ட் துணி என்றால் மிச்சத்தில் புதுக் கை வெட்டுங்கள். மிச்சம் போதாவிட்டால் அக்குள் பக்கம் ஒட்டு வரும்படி இரண்டு துண்டாக வெட்டுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த ஜாக்கெட்டைப் பழைய அளவில் முடிக்கவே கூடாது. இப்போது போடுகிற, சரியாகப் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றை மேலே வைத்து மார்பு, இடுப்பு, தோள் மூன்றையும் ஒப்பிடுங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டு வெட்டியிருந்தால் இரு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு இஞ்ச் வரை பிரித்து விடலாம். விடவில்லை என்றால் அந்த ஜாக்கெட் பொருந்துகிற வேறொருவருக்குப் போகட்டும். சிறுமிக்கு வெட்டிய பட்டுப்பாவாடையும் அப்படியே. அடியில் மடித்துத் தைக்க நாலு இஞ்ச் இருந்தாலும் காலேஜ் போகும் பெண்ணுக்கு எட்டாது. அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தைக்கு முடித்துக் கொடுங்கள், அல்லது பட்டை அப்படியே தாம்பூலப் பையாக மாற்றுங்கள்.

கிடந்த மெஷினைத் தொடும் முன்

பல மாதம் ஓடாத மெஷினில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். எண்ணெய் ஓட்டைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி, வடிந்த கறுப்பைத் துடையுங்கள். பிறகு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது மறுபடி பிசினாகும். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேர்ந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுங்கள். விட்ட எண்ணெய் நல்ல துணியில் படாமல் இருக்க, முதல் பத்து நிமிடம் வேஸ்ட் துணியில் தையுங்கள்.

ஊசியை மாற்றிவிடுங்கள். பட்டுக்கும் மெல்லிய ரூபியாவுக்கும் 11ஆம் நம்பர், பாப்ளினுக்கு 14, லுங்கித் துணிக்கும் கெட்டித் துணிக்கும் 16. தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், இல்லை தட்டைப் பக்கம் மாறிப் போயிருக்கும். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் பாபினைக் குறை சொல்லாதீர்கள். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. துணியை அழுத்தும் மெஷின் காலைத் தூக்கி மறுபடி நூலைக் கோத்துவிடுங்கள். பழைய நூலை ஒரு சாண் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பொட்டென்று அறுந்தால் தூக்கிப் போடுங்கள். பெட்டியில் கிடக்கும் எலாஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள், வேலூர் வெயிலில் ரப்பர் காய்ந்து மொறமொறத்திருக்கும்.

ஜாக்கெட்டுக்கு ஆகாத பிட்டுகள்

36 இஞ்ச் அகல 80 செ.மீ. பிட்டில் இரண்டு கடைப் பைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளம். வாயில் இரண்டிரண்டு இஞ்ச் மடித்தால் 14 க்கு 16 இஞ்ச் பை. கைப்பிடிக்கு வேறு கெட்டித் துணியில் 3 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் நீளத்தில் பைக்கு இரண்டு பட்டி. பட்டியை நெட்டு வாக்கில் வெட்டுங்கள், குறுக்கு வாக்கில் வெட்டினால் இரண்டு கிலோ வெங்காயத்துக்கே தொங்கிவிடும். பட்டி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. தாம்பூலத்தில் பிட்டுக்குப் பதில் இந்தப் பையைக் கொடுத்தால் ஊதாப் பிட்டின் சுற்றுலாவும் நிற்கும்.

17 க்கு 27 இஞ்ச் தலையணைக்கு, பட்டன் இல்லாமல் உள்ளே மடியும் உறை வேண்டுமானால் 18 க்கு 62 இஞ்ச் துணி. நனைத்துச் சுருங்கியதும் 36 இஞ்ச் துணி ஏறக்குறைய 35 ஆகும், அப்போது ஓரத் தையலைக் கால் இஞ்சாகக் குறையுங்கள். 1.75 மீட்டரில் இரண்டு உறை தாராளமாக வரும்.

மறுபடி அடுக்குவதும் வாங்குவதும்

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள். கஞ்சியோடு வைத்த துணியை ராமபாணப் பூச்சி தின்னும், அதனால் அலசி வையுங்கள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து மேல் தட்டில் வையுங்கள், அதன் ஆவி கீழே இறங்கும். அந்த உருண்டை ஜரிகையில் படக் கூடாது, குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றாவிட்டால் மடித்த கோட்டிலேயே இழை விடும்.

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அதற்குள் கட்டைப்பை காலியாக வேண்டும் என்று கணக்கு வையுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி வருவதால் அந்தப் பக்கத்தவர்களுக்குக் கெடு இன்னும் முன்னாலேயே விழுந்துவிடும். கடைக்குப் போகும்போது துண்டுச் சீட்டுகளில் குறித்த குறைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். புதுத் துணி எடுத்தால் அதே நாளில் லைனிங், நூல், ஹூக் மூன்றையும் எடுத்து, ஒரே ஊக்கில் சேர்த்துக் குத்திவிடுங்கள். நூலின் நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரு இழையை மட்டும் உருவித் துணி மேல் போட்டுப் பாருங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்ந்ததை எடுங்கள், வெளிறிய நூல்தான் தையலில் பளிச்சென்று தெரியும்.