மேப்பை வழித்துத் துடைக்காதீர்கள்: அசாசின்ஸ் கிரீட் ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

காட்பாடியில் இருக்கும் சித்தி மகன் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். "இன்னாணா இது, ஆறு மாசமா ஆடுறேன், முடியவே மாட்டேங்குது. சூப்பரா இருக்கும்னு நீதானே சொன்ன." அவன் ஆடிக்கொண்டிருந்தது அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா, பழைய காலத்து ஊர்களில் பதுங்கிப் போய் ஆளைத் தீர்க்கும் வீடியோ கேம் தொடரில் வைக்கிங் காலத்து இங்கிலாந்தில் நடக்கும் பாகம். மேப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட ஒரு மூலை விடாமல் வழித்துத் துடைத்து வைத்திருந்தான். கதை மட்டும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

தப்பு கேம் மேலா, அவன் மேலா என்று கேட்டால் இரண்டு பக்கமும்தான். 2007-ல் முதல் கேம் வந்த காலத்திலிருந்து இந்தத் தொடரை விடாமல் ஆடுகிறவன் நான். பாதி நாள் கொண்டாடுவேன், பாதி நாள் திட்டுவேன். புதிதாக வருகிறவர்கள் கேமில் நிஜமாகவே இருக்கும் குறைக்காக வெறுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாங்களே இழுத்துவிட்டுக்கொண்ட தொல்லைக்காக வெறுத்துவிட்டுப் போகிறார்களே, அதுதான் மனசு கேட்கவில்லை.

முதல் தவறு சின்னது. வரிசை முறை என்று சொல்லி 2007 கேமிலிருந்தே ஆரம்பிப்பது. டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் என்று மூன்று ஊரும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு ஆளைக் கொல்வதற்கு முன்னும் ஒட்டுக்கேட்பது, ஜேப்படி, மிரட்டி விசாரிப்பது என்று அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சப்டைட்டிலும் கிடையாது. 2009-ல் வந்த இரண்டாவது பாகத்தில் தொடங்குங்கள். கடல் பிடிக்கும் என்றால் 2013-ல் வந்த பிளாக் ஃபிளாக்.

பெரிய தவறு, சித்தி மகன் செய்ததுதான். வல்ஹல்லா மேப்பில் தங்க நிறப் புள்ளி என்றால் செல்வம், நீலம் என்றால் மர்மம், வெள்ளை என்றால் பழம்பொருள். ஒரு புள்ளியை முடித்தால் பக்கத்தில் இரண்டு மினுக்கும். கடைக்காரர் பாக்கி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகத் தோன்றும். 2017-ல் ஆரிஜின்ஸ் வந்ததிலிருந்து தொடரில் லெவல் கணக்கு, அதாவது ஆளின் பலத்துக்குப் போடும் எண், கனமாகிவிட்டது. அதற்கு அடுத்த வருடம் வந்த ஆடிஸியில் உங்களைவிட லெவல் கூடுதலான ஆளிடம் மாட்டினால் இரண்டு அடியில் கதை முடிந்தது. சரி, சைடு குவெஸ்ட் என்னும் கிளைக்கதை வேலைகளைச் செய்து லெவல் ஏற்றலாம் என்று போனால், அதே கேமுக்குள் எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, வேகமாக ஏறுவதற்குத் தனியாகக் காசு வாங்கி ஒரு பூஸ்ட் விற்றார்கள். பசிக்க வைத்துவிட்டு வாசலிலேயே டிபன் கடை போட்ட கதை. இத்தனை வருடத்தில் எனக்கு ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

எங்கள் ஊரான வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை. வல்ஹல்லாவில் எத்தனையாவதோ ஒரு மடாலயத்தைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. எல்லாம் இருக்கிறது, இருக்க வேண்டியது இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஆடிஸி ஆரம்பத்தில் எக்ஸ்ப்ளோரேஷன் மோடா, கைடட் மோடா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்ப்ளோரேஷனை எடுங்கள். போக வேண்டிய இடத்துக்கு மேல் அம்புக்குறி நிற்காது. இந்தப் பகுதியில், இந்தக் கோயிலுக்குத் தெற்கே என்று குறிப்பு மட்டும் கிடைக்கும். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால், "நேரா போயி, டீக்கடை தாண்டி, சோத்தாங்கைப் பக்கம்" என்பார்களே, அந்த மாதிரி. அப்போதுதான் ஊரைப் பார்ப்பீர்கள். இல்லாவிட்டால் புள்ளியைத்தான் பார்ப்பீர்கள்.

அதே காரணத்துக்காக, மேப்பில் ஒரு இடத்தைத் தொட்டு நொடியில் அங்கே தாவும் ஃபாஸ்ட் டிராவலையும் குறையுங்கள். ஆரிஜின்ஸில் கி.மு. 49-ன் எகிப்து வருகிறது, கதாநாயகன் பாயெக். அவனைப் பாலைவனத்தில் நெடுநேரம் விட்டுப் பாருங்கள். திரை வெளுக்கும். கானல் அலையும். திடீரென்று வானத்திலிருந்து வண்டுகள் மழையாகக் கொட்டும், எல்லாம் அவன் பிரமை. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போனவனுக்கு, அது கேமில் இருக்கும் விஷயமாகவே தெரியாது. ஊருக்கு ஊர் தாவிக்கொண்டே இருந்தவர்களில் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

அடுத்து, கேமைச் சரித்திரப் பாடமாக நம்புவது. 2014-ல் வந்த யூனிட்டியில் பிரெஞ்சுப் புரட்சிக் கால நோத்ர தாம் தேவாலயம் வரும். அதன் உச்சியில் கூர்ங்கோபுரம் ஒன்று நிற்கும். பழைய கோபுரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இறக்கிவிட்டார்கள். நாம் படங்களில் பார்த்துப் பழகிய கோபுரம் 1859-ல்தான் எழுந்தது. பார்ப்பவர்களுக்கு அது இல்லாமல் நோத்ர தாம் என்றே தோன்றாது என்பதால் தெரிந்தே வைத்துவிட்டார்கள். 1806 வேலூர்ப் புரட்சியைப் படமாக எடுத்து, அதில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு தீபாராதனை காட்டினால் நம் ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்ததே 1981-ல்தானே. நிஜ விவரம் வேண்டுமென்றால் ஆரிஜின்ஸிலும் ஆடிஸியிலும் டிஸ்கவரி டூர் இருக்கிறது. சண்டையே கிடையாது, சும்மா சுற்றிப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்ட அதைவிட நல்லது இல்லை.

2025-ல் வந்த ஷேடோஸில் கதாநாயகர்களில் ஒருவராக வரும் யாசுகே நிஜமாகவே சாமுராயா இல்லையா என்ற சண்டை வேறு. 16-ம் நூற்றாண்டு ஜப்பானில் நொபுனாகா என்ற போர்த் தலைவரிடம் சேவகம் செய்த அந்த ஆப்பிரிக்கர் நிஜமாகவே இருந்தவர். 1582-க்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதற்குத்தான் தடயம் இல்லை. ஆடிப் பார்க்காமலே இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். ஆடுகிறவர்கள் செய்யும் தவறு அதைவிடச் சாதாரணமானது: யாசுகேயை வைத்தே எல்லா இடத்திலும் மோதுவது. அவருக்குச் சுவர் ஏறுவது அவ்வளவாக வராது. உயரத்திலிருந்து வைக்கோலில் குதித்தால் வைக்கோல் வண்டியே நொறுங்கும். கோட்டைக்குள் பதுங்கிப் போக, கேமின் இன்னொரு நாயகியான நவோயே. விளக்கை அணைப்பாள், தரையோடு தரையாக ஊர்ந்து போவாள்.

வாங்கும் விஷயத்தில் ஒரே வார்த்தை: பொறுங்கள். யூனிட்டி வெளியானபோது முகத் தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. கேமைச் செய்த யூபிசாஃப்ட் கம்பெனியே மன்னிப்புக் கேட்டு ஒரு டிஎல்சியை, அதாவது தனியாக விற்கும் கூடுதல் கதையை, இலவசமாகக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து வாங்கினால் பிழைகளைச் சரிசெய்யும் பேட்ச்சும் வந்திருக்கும், ஆஃபரும் வந்திருக்கும். அப்புறம், ஷேடோஸ் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், எஸ்எஸ்டி என்னும் வேகமான டிஸ்க் கட்டாயம். நான் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கல்யாண வீடியோக்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசித் தவறு எங்களைப் போன்ற பழைய ஆட்களுடையது. எதைப் பார்த்தாலும் இரண்டாம் பாகத்து நாயகன் எட்ஸியோ மாதிரி இல்லையே என்பது. 2009-லிருந்து 2011 வரை மூன்று கேமில் அவன் விடலைப் பையனாக இருந்து நரைத்த தாடிக்காரன் ஆகும் வரை கூடவே இருந்தோம், சரி. சின்ன ஊர் வேண்டும், பதுங்கிப் போகும் ஆட்டம் வேண்டும் என்று வருடக்கணக்கில் நச்சரித்தோம். 2023-ல் மிராஜ் அப்படியே வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத், அடக்கமான மேப், பழைய பாணி. நாலைந்து ராத்திரியில் முடித்துவிட்டேன். முடித்த மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? ஆடிஸியை மறுபடி டவுன்லோடு போட்டேன். அந்தக் கிரேக்கக் கடல் வேண்டியிருந்தது.

சித்தி மகனுக்குப் போனிலேயே சொன்னேன்: புள்ளியை விடு, கதையைப் பிடி. இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "முடிச்சிட்டேண்ணா, செமையா இருந்துச்சு. ஆனா லுண்டன்ல ஒரே ஒரு நீலப் புள்ளி மட்டும் மிச்சம் நிக்குதுண்ணா." லுண்டன் என்றால் கேமில் வரும் பழைய லண்டன். விட்டுத் தொலைடா என்று போனை வைத்தேன். அப்புறம் சும்மா என் பழைய சேவ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எனக்கும் அங்கேதான் ஒன்று மிச்சம். ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிட்டது, தேடி முடிக்க.